நிறங்காட்டி

ஜூலை 9

அன்புள்ள மாப்ளே,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கப் போவதில்லை. பல்கலைக்கழகம் போனவன் எவனும் கேட்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: பிரமாதமாக இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் பாதியில் உங்கம்மா பிடுங்கிக்கொள்கிறாள். மாமனும் மருமகனும் விஞ்ஞானம் பேசும் இடத்தில் "சாப்பிட்டியா, தூங்கினியா" எல்லாம் வந்து கலக்கக் கூடாது.

நீ வேதியியல் எடுத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் ஓட்டல் சலவைக்கூடத்தின் எட்டு இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லி அறிவித்தேன். மானேஜர் என் கையைக் குலுக்கினார். "உங்க ரத்தம்தானே, வேற எப்படி இருக்கும்?" என்றார். இந்த ஓட்டலில் நாளொன்றுக்கு ஆயிரம் படுக்கை விரிப்பு என் கையால் வெளுக்கிறது. வெள்ளை மட்டும்தான். வண்ணத் துணி எதையும் என் பக்கம் கொண்டுவருவதில்லை. ஏனென்றால் கறை தெரிவது வெள்ளையில்தான், ஆகவே ஆள் வேண்டியதும் வெள்ளைக்குத்தான்.

நான் மட்டும் அன்றைக்கு ரயில்வேயில் சேர்ந்திருந்தால் உங்களுக்கெல்லாம் இப்படி ஒரு மாமன் கிடைத்திருப்பானா! என்ஜின் ஓட்டுகிற வேலை. எழுத்துத் தேர்வில் முதல் ஆள். கடைசிச் சுற்றில் அதிகாரி உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். எழுந்து நிற்கத் தெரியாத ஆளிடம் எனக்கென்ன வேலை என்று உதறிவிட்டு வந்தவன் நான். அது கிடக்கட்டும்.

நீ விட்டுவிட்டுப் போன பள்ளிப் புத்தகத்தைப் புரட்டினேன். "அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும்" என்று போட்டிருக்கிறது. அமிலம் என்றால் புளிப்பு என்று உங்கம்மா சொன்னாள். புளிப்பு, காரம், உப்பு, தண்ணீர். மாப்ளே, இதற்குச் சமையல் என்று பேர். இதைப் படிக்கவா நானூறு மைல் போனாய்? ஓட்டல் சமையல்காரரிடம் காட்டினேன். "அப்ப எனக்கு டாக்டர் பட்டமே வந்திருக்கணுமே!" என்கிறார்.

சந்தேகம் எது வந்தாலும் எனக்கு எழுது.

உன் மாமன்,
சலவைப் பிரிவுத் தலைமை விஞ்ஞானி


ஜூலை 21

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அறைத்தோழனுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். சமையல்காரர் சொன்னதை விடுதி முழுக்கச் சொல்லிவிட்டான்.

காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை மாமா. தினமும் இயந்திரத்தில் கொட்டுகிறீர்களே சோடா, அதுதான் காரம். கடைசி அலசலில் "புளிப்பு" என்று ஒரு கேனிலிருந்து ஊற்றுகிறீர்களே, அதுதான் அமிலம். துணியில் தங்கிப்போன சோடாவை அது அடக்கிவிடுகிறது. இத்தனை வருஷமாகப் புத்தகத்தின் அந்த வரியை நீங்கள்தான் செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள். பேர்தான் தெரியவில்லை.

இங்கே முதல் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பேராசிரியையை எல்லோரும் "ஒரு துளி மேடம்" என்பார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று "ஒரு துளி, இன்னும் ஒரே ஒரு துளி" என்பாராம். அவர் ஒரு டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். பதினெட்டு கிராம், ஒரு மடக்குகூட இருக்காது. அதில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதினார். ஆறு போட்டு, அதன் பின்னால் இருபத்து மூன்று இலக்கம். எழுதி முடிக்கக் கரும்பலகையின் அந்த ஓரம்வரை நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து, "இதுக்குப் பேர் ஒரு மோல்" என்று சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

நூற்றைம்பது பேரும் மூச்சுவிடவில்லை. ஒருத்தன் மட்டும் "ஐயோ" என்றான். அது நான்தான்.

உப்பைப் பற்றியும் சொன்னார். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கிற உலோகம் ஒன்று, மூச்சை நிறுத்துகிற வாயு ஒன்று. இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் சோற்றில் போட்டுக்கொள்கிறோமாம். அந்த வாயுவின் படம் காட்டினார். பச்சை என்றார்கள். எனக்கு என்னவோ மங்கலான மஞ்சளாகத்தான் பட்டது.

ஆய்வகம் மட்டும் இன்னும் கைவரவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்


ஆகஸ்ட் 2

மாப்ளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டம்ளரில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடிக்க மனசு வரவில்லை. உங்கம்மா வந்து, "என்னடா, தண்ணிக்கு முன்னாடி உக்காந்து என்ன பண்றே?" என்றாள். "எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான் என்பதை யாருக்கும் சொல்லிவிடாதே. ஆனால் மாப்ளே, எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. என் இயந்திரம் ஒரு சுற்றுக்கு அறுபது லிட்டர் குடிக்கிறது. அத்தனை கோடி கோடியையும் மதியத்துக்குள் நான் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று மாலை குழாயை வழக்கத்தைவிட மெல்லத் திருகினேன்.

மறுநாள் கூடத்தில் சொன்னேன். எங்கள் மருமகன் அத்தனை மூலக்கூறையும் ஒவ்வொன்றாக எண்ணி முடித்துவிட்டான், பேராசிரியை கைதட்டினார் என்று. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இஸ்திரியம்மா மட்டும் நிமிராமல், "எண்ணும்போது ஆவியாப் போனதைக் கழிச்சானா?" என்றாள். அந்தம்மாவுக்கு என்மேல் ஒரு பொறாமை உண்டு.

பதிலுக்கு நானும் ஒரு விஞ்ஞானம் தருகிறேன், குறித்துக்கொள். சமையலறைத் துண்டுகள் எங்களிடம் வரும்போது வெங்காய வாடை ஆளைத் தூக்கும். சோடாத் தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் வாடை இருந்த இடம் தெரியாது. போயே போய்விட்டது என்று நினைப்பாய். புளிப்பை ஊற்று, திரும்பி வந்து நிற்கும்! சோடா முழுக்க அடங்கிவிட்டதா என்று மற்றவர்கள் நிறம் மாறுகிற தாளை நனைத்துப் பார்ப்பார்கள். நான் மூக்கை வைப்பேன். இதைக் கேள்விப்பட்டு அயல்நாட்டிலிருந்து மூன்று பேர் வந்து என் மூக்கை அளந்துகொண்டு போனார்கள்.

ஆய்வகத்தில் நீதான் முதலாவதாக வருகிறாய் என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை என்றால் என்ன, வரத்தானே போகிறாய். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உன் மாமன்


ஆகஸ்ட் 19

மாமா,

அம்மா போன் செய்தாள். சந்தோஷத்தில் அழுதாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் போனைக் கொடுத்து, "நீயே கேளு, லேப்ல இவன்தான் ஃபர்ஸ்ட்டாம்" என்றாள். நான் "ஆமாம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. உங்களால் நானும் பொய் சொன்னேன்.

உண்மையைக் கேளுங்கள். தரம் பார்த்தல் என்று ஒரு சோதனை. முதலாண்டில் பாதி ஆய்வகம் அதுதான். கீழே குடுவையில் அமிலம். மேலே ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். குடுவையில் நிறங்காட்டி என்று ஒரு மருந்தைச் சொட்டிவிட்டு, காரத்தைத் துளித்துளியாக இறக்க வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாகிற இடத்தில் ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் வெளிர் ரோஜா நிறமாக மாறும். அங்கே நிறுத்த வேண்டும்.

எல்லோரும் நிறுத்துகிறார்கள். பக்கத்து மேசைப் பெண் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று குதிக்கிறாள். நான் கண்ணை இமைக்காமல் பார்க்கிறேன். எனக்கு வெறும் தண்ணீர்தான். ஏதோ இருண்டாற்போலத் தெரிந்து நிறுத்தும்போது எல்லை தாண்டி வெகுதூரம் போயிருக்கிறேன். மூன்று வாரம், மூன்று பூஜ்யம். ஒரு துளி மேடம் என் குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவனம் எங்கே இருக்கு உனக்கு?" என்றார். என் கவனம் முழுவதும் அதில்தான் இருந்தது மாமா. அதை எப்படிச் சொல்வது?

செப்டம்பர் கடைசியில் செய்முறைத் தேர்வு. தேறாவிட்டால் வேதியியலில் இருக்க முடியாது, வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் டம்ளரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் நான் இதற்கு லாயக்கில்லை போலிருக்கிறது.

உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஆயிரம் விரிப்பு, எட்டு இயந்திரம், அயல்நாட்டு ஆட்கள். தயவுசெய்து என்னைப் பற்றி இனி யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். எனக்கும் எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 25

மாப்ளே,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ரயில்வேக்காரர் எழுந்து நிற்கவில்லை என்று சொல்வேனே, அது பொய். மரியாதையான மனிதர். தண்ணீர்கூடக் கொடுத்தார். என்ஜின் ஓட்டுகிற வேலையும் இல்லை, எட்டாவது படித்தவனுக்குக் கொடுக்கிற கொடி காட்டும் வேலை. எழுத்துத் தேர்வில் நான் முதல் ஆளும் இல்லை, நாற்பத்தோராவது ஆள். ஆனால் தேறியிருந்தேன். கடைசியில் கண் பரிசோதனை. மேசைமேல் ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் பொட்டுக்களாகக் கொட்டிக் கிடந்தது. "என்ன எண் தெரியுது தம்பி?" என்றார். நான் பொட்டுக்களைப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பையன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எழுபத்து நாலு" என்றான்.

இன்றுவரை எனக்கு அந்த எழுபத்து நாலு தெரியாது.

சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்று. சாலையில் மற்றவர்கள் நகர்ந்தால் நானும் நகர்வேன். எனக்கு வெள்ளைத் துணி மட்டும் தருவது ஏன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அது நான் கேட்டு வாங்கியது. அக்காவுக்குக்கூட இது தெரியாது. வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, நானே வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள். ஊரும் நம்பியது. அன்றைக்குத்தான் மாப்ளே, எனக்குப் புளுகு ருசித்தது.

வெள்ளையிலும் வண்ணம் இருக்கிறது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. முதல் மாடி விரிப்பின் ஓரத்தில் சிவப்பு நூல் அடையாளம், இரண்டாம் மாடிக்குப் பச்சை. முதல் வாரம் எல்லாவற்றையும் மாற்றி அனுப்பிப் பேச்சு வாங்கினேன். பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், சில நூலில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு. ஒரு முடிச்சு முதல் மாடி, இரண்டு முடிச்சு இரண்டாம் மாடி. யார் போடுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

இன்று இஸ்திரியம்மாவிடம் போய், "முடிச்சுப் போடாத நூல் ரெண்டு வேணும், ஒண்ணொண்ணு ஒரு நிறத்தில" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இருபது வருஷமாச்சா கேக்கிறதுக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நூலையும் கீழே ஒட்டியிருக்கிறேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்கிறாள். உனக்கு எப்படித் தெரிகிறது?

ஒன்றாகத் தெரிந்தால் உன் கவனத்தில் குறையில்லை. கண் டாக்டரிடம் போ, பொட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேள். நான் உன்னைப் பெற்றவன் இல்லை, என்னிடமிருந்து உனக்கு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. வராமலிருந்தால் நல்லது. வந்திருந்தால் உன் மேடத்திடம் சொல்லிவிடு. என்னைப் போலக் கதை கட்டிக்கொண்டு வந்துவிடாதே.

மாமா


செப்டம்பர் 7

அன்புள்ள மாமா,

இரண்டு நூலும் ஒன்றுதான்.

வெயிலில் வைத்துப் பார்த்தேன், விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அறைத்தோழனிடம் காட்டினேன். "ஏண்டா, ஒண்ணு ரத்தம் மாதிரி இருக்கு, ஒண்ணு இலை மாதிரி இருக்கு" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

கண் டாக்டரிடம் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பினார். பொட்டுக்கள் மாமா, வெறும் பொட்டுக்கள். ஐந்தாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "தாய்மாமன் இருக்காரா? அவருக்கு இது உண்டா?"

உங்களை அவருக்குத் தெரியாது. என் கண்ணைப் பார்த்துவிட்டு நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிற உங்களைக் கேட்கிறார்.  இது பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வருமாம். அம்மாவை ஒன்றும் செய்யாதாம். அவள் கண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும், தனக்குள் இருப்பது மட்டும் தெரியாது. கூடப் பிறந்த உங்களிடம் ஒன்று, வயிற்றில் பிறந்த என்னிடம் ஒன்று. ஒரு மடக்குத் தண்ணீருக்குள் அத்தனை இருக்கிறதென்றால், ஒரு அம்மாவுக்குள் இப்படி ஒன்று சத்தமில்லாமல் நடந்து போவதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் உன்னைக் கவனம் இல்லேன்னு சொன்னேன், இல்ல?" என்றார். அலமாரியைத் திறந்து வேறொரு குப்பி எடுத்தார். அதுவும் நிறங்காட்டிதான். ரோஜா நிறத்துக்குப் பதில் நீலம் காட்டுமாம். எனக்கு நீலம் தெரிகிறது மாமா! உங்களுக்கும் தெரியும் என்று டாக்டர் சொன்னார். தேர்விலும் அதையே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். பதில் வர வேண்டும். மூன்று வாரம் வீணாகிவிட்டதால் கை இன்னும் நடுங்குகிறது. தேறுவேனா என்று தெரியவில்லை.

இன்னொன்று. பேச்சுவாக்கில் உங்கள் வெங்காயக் கதையைச் சொன்னேன். அதுவும் உங்கள் கைச்சரக்குதான் என்று நினைத்தேன். மேடம் வெங்காயம் வாங்கிவரச் சொன்னார். நறுக்கிக் காரத்தில் போட்டோம். வாடை போயிற்று. அமிலம் ஊற்றினோம். வந்தது. வாசனையிலேயே காட்டுகிற நிறங்காட்டி என்று உண்மையாகவே ஒரு வகை இருக்கிறதாம். "உங்க மாமா எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்று கேட்டார்.

போன கடிதத்துக்கு மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மருமகன்


செப்டம்பர் 14

மாப்ளே,

எந்தக் காலேஜ் என்று கேட்டாரா? அந்த வரியை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவே இல்லையே, படுபாவி.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். ரயில்வேயை நான் விடவில்லை, அவர்கள்தான் என்னை விட்டார்கள், எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது என்று. ஒரு ஆள் நம்பவில்லை! "இருபது வருஷமா நூல் பாத்துப் பிரிக்கிறே, நிறம் தெரியாதாம். இதையுமா அளப்பே?" என்று சமையல்காரர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு உண்மை சொன்னால் அதற்கு இந்த மரியாதை. இஸ்திரியம்மா மட்டும், "இவரு சொன்னதில இது ஒண்ணுதான் நிஜம்" என்றாள்.

அக்காவிடமும் சொன்னேன். நீ முதலாவது இல்லை என்பதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வெகுநேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குள்ளேயா இருந்துச்சு?" என்றாள். பிறகு, "அவன் நல்லா எழுதிடுவானாடா?" என்றாள்.  இந்த முறை நான் எதையும் அளக்கவில்லை.

நடுங்கினால் கையை ஒரு நிமிடம் தண்ணீரில் வைத்துக்கொள்.

மாமா


அக்டோபர் 3

அன்புள்ள மாமா,

தேர்வுக்கு முதல் நாள் அனுமதி வந்தது. ப்யூரெட்டின் திருகைப் பிடிக்கும் முன், நீங்கள் சொன்னபடி குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பது மில்லி வரை வேகமாக இறக்கினேன். பிறகு துளித்துளியாக. பின்னால் மேடம் வந்து நின்றார், வாயைத் திறக்கவில்லை. ஒரு துளி. தண்ணீர். ஒரு துளி. தண்ணீர். இன்னும் ஒரு துளி விழுந்தது. குடுவை முழுவதும், விளிம்புவரை, நீலம். ஒரே ஒரு துளி மாமா! அதுவரை ஒன்றுமில்லை, அதன் பிறகு எல்லாம். பக்கத்து மேசைப் பெண் ஏன் குதித்தாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முடிவு நேற்று வந்தது. மேடத்தின் குப்பியிலிருந்து தொட்டுக் கீழே எழுதியிருக்கிறேன். வெறும் தாளாகத்தான் தெரியும், திட்டாதீர்கள். உங்கள் சோடாவைத் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கரைத்து, துணியில் நனைத்து மெல்லத் துடைக்கவும்.

உங்கள் மருமகன்


அக்டோபர் 9

மாப்ளே,

கடிதத்தின் கடைசியில் கால் பக்கம் காலி. திருப்பிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை. மதிய இடைவேளையில் அக்காவைச் சலவைக்கூடத்துக்கு வரச் சொன்னேன். இஸ்திரியம்மா மேசையைத் துடைத்து இடம் கொடுத்தாள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா. துணியை நனைத்துப் பிழிந்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தேன்.

வந்தது மாப்ளே. ஒவ்வொரு எழுத்தாக, எங்கிருந்தோ நடந்து வருவதுபோல வந்தது. "தேறிவிட்டேன் மாமா. இது நம் நிறம்."

அக்கா, "நீலம்" என்றாள். இஸ்திரியம்மா, "நீலம்" என்றாள். சொன்ன பிறகுதான் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். எதிரில் இருப்பவர் என்ன நிறம் சொல்கிறார் என்று காத்திருந்து, அதையே நானும் சொல்லிப் பழகியவன். அன்று நான் காத்திருக்கவில்லை. அவர்கள் வாயைத் திறக்கும்போதே நானும் "நீலம்" என்றேன். மூன்று பேர் குரலும் ஒன்றாகத்தான் வந்தது.

காய்ந்ததும் எழுத்து போய்விட்டது. அக்கா பதறிவிட்டாள். மறுபடி துடைத்தேன், மறுபடி வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் கூடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். சமையல்காரர் இரண்டு முறை பார்த்தார். மானேஜரையும் இழுத்து வந்தேன். மொத்தம் பதினோரு பேர். நாற்பது என்று உனக்கு எழுதுவதாக இருந்தேன், பேனா பதினொன்று என்றே எழுதிவிட்டது.

தாள் ஓரத்தில் கொஞ்சம் நைந்துவிட்டது. அடுத்த முறை கெட்டியான தாளில் எழுது.

மாமா